கழுத்துக்கு ஏறிய செல்

போர் முடிந்து நாலைந்து வருடங்கள் ஆகியிருந்தன. வன்னியிலிருந்து வந்து எத்தாளையில் குடியேறிய எங்களுக்குச் ‘செல்’ என்றால் ஒன்றே ஒன்றுதான்: கூவிக்கொண்டு வந்து விழுந்து வெடிப்பது. அதில் ஒரு துண்டு இன்றும் என் இடுப்பில் இருக்கிறது. எடுத்தால் நடை போய்விடும் என்று அப்போதே விட்டுவிட்டார்கள்.

அதனால்தான், கழுத்து வீங்கியதற்கு இரத்தம் சோதித்த புத்தளத்து டொக்டரம்மா, “உங்கட செல்லே உங்கட கழுத்தை அடிக்குது” என்றதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

“இடுப்பில கிடந்தது கழுத்துக்கு எப்ப ஏறினது? வெட்டப் போறியளோ?”

டொக்டரம்மா விழித்தார். என் மனைவி தலையில் கை வைத்தாள். “இவர் வெடிக்கிற செல்லைச் சொல்லுறார், டொக்டர். பயம் வந்தா இவருக்குக் காதுக்கு முதல் வாய் வேலை செய்யும்.”

டொக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். “இது இரத்தத்தில இருக்கிற உயிருள்ள செல். ஒரு வகைச் செல், கிருமியைப் பிடிச்சு அதில ஒரு துண்டை உதவிச் செல்லுக்குக் காட்டும். உதவிச் செல் ‘ஓம்’ எண்டாத்தான் காட்டின செல் பெருகி, அன்டிபொடி எண்ட எதிர்ப்புப் பொருளைக் கனக்கச் செய்யும். உங்கட உதவிச் செல், கழுத்துச் சுரப்பிக்கும் ஓம் எண்டிட்டுது.”

காட்டுகிற செல், உதவுகிற செல். எனக்குத் தலை சுற்றியது. எனக்குத் தெரிந்து எந்தச் செல்லும் யாருக்கும் உதவியதில்லை. திடீரென்று ஒன்று பிடிபட்டது.

“அப்ப அவர் தலையாட்டியோ?”

“ஆர்?”

“ஆமியின்ர சுற்றிவளைப்பில ஒருத்தன் முகத்தைச் சாக்கால மூடிக்கொண்டு இருப்பான். எங்களை ஒவ்வொருத்தரா முன்னால கொண்டுபோய் நிப்பாட்டுவினம். அவன் தலையாட்டினா ஆளை ட்ரக்கில ஏத்திப்போடுவினம்.”

டொக்டரம்மாவின் சிரிப்பு நின்றது. “ஓம். கிட்டத்தட்ட அப்பிடித்தான்.”

மூன்று தலையாட்டிகளுக்கு முன்னால் நின்று தப்பி வந்தவன் நான். கடைசியில் என் இரத்தத்துக்குள்ளேயே ஒருவன் இருந்து தலையாட்டிவிட்டான்.

“அவனுக்கு ஆர் என்னைப் பிழையாக் காட்டினது?”

“அது எங்களுக்கும் சரியாத் தெரியாது, ஐயா. வெட்டத் தேவையில்ல. காலையில வெறும் வயித்தில ஒரு குளிசை. சாகும்வரைக்கும்.”

“சாகும்வரைக்கும்” என்பது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. இன்னும் எவ்வளவு காலம் இருப்பேன் என்று கேட்க வாயெடுத்தேன். மனைவி காலை மிதித்தாள்.

திரும்பி வரும்போது கற்பிட்டி பஸ்ஸில் பள்ளத்துக்குப் பள்ளம் எல்லாத் தலைகளும் ஆடின. நான் மட்டும் இரண்டு கைகளாலும் தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“இஞ்சாருங்கோ, பல்லுக் குத்தோ?” என்றாள் மனைவி.

“இல்லையப்பா. நான் தலையாட்டுறன் எண்டு உள்ளுக்கு இருக்கிறவன் பிழையா நினைச்சிடுவான்.”