மெற்றில்டா சொன்ன பவர்

மெற்றில்டாவுக்கு வயிற்றெரிச்சல் பிடித்தது ஒரு மூக்குக்கண்ணாடியால். அவளுடைய தம்பி றொட்னியின் மனைவி பெற்றிசியா, கைத்தொலைபேசியில் தேடிப் பிடித்து, கொழும்பிலிருந்து மலிவாக வரவழைத்த கண்ணாடி அது.

வரவழைத்தவள் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருந்து அரிசியில் கல் பொறுக்கினால் ஆருக்கு என்ன நட்டம்? இல்லையே! ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கல்லவா போட்டுக்கொண்டு வந்தாள். செம்பு நிறத்தில் மெல்லிய விளிம்பு. நிமிடத்துக்கு ஒருக்கால் ஒற்றை விரலால் அதை மேலே தள்ளிவிடுகிற நடப்பு வேறு. பூசை முடிந்ததும் பங்குத்தந்தை நின்று, “பெற்றிசியா, கண்ணாடி நல்ல வடிவாயிருக்கு. ரீச்சர் மாதிரி இருக்கிறீர்” என்றார். பக்கத்தில்தான் மெற்றில்டா நின்றாள். அவளைப் பார்த்து அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மெற்றில்டா தாழ்வுபாட்டுக் கரையில் மீன் வெட்டி, உப்பிட்டு, கருவாடு போடுகிறவள். புருஷன் தோமஸ் கடலுக்குப் போகிறவர். கிழமையில் ஆறு நாளும் செதிளும் உப்புத் தண்ணீருமாய்க் கிடப்பவளுக்கு ஏழாம் நாள் ஒரு மரியாதை இருந்தது. கோயிலில் பூசைக்கு வேதாகமத்தின் முதலாம் வாசகத்தை வாசிக்கிறவள் அவள்தான். சண்டைக் காலத்தில் மடு அகதி முகாமில், வாசிக்க ஆளில்லாமல் போன ஒரு பூசையில், பாவாடை சட்டையோடு எழும்பிப் போய் வாசித்த பெட்டை அவள். ஊர் திரும்பிய பிறகும் அந்த இடத்தை விடவில்லை. அவள் வாசிக்கத் தொடங்கினால் கைக்குழந்தைகூட வாயை மூடிக்கொள்ளும் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லாதவர்களுக்கு அவளே சொல்லுவாள்.

அந்த மரியாதைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. எழுத்துகள் மங்கின. வீட்டில் என்றால் தாளைத் தள்ளிப் பிடிக்கலாம். அதற்கும் கையின் நீளம் போதாமல் வந்துகொண்டிருந்தது. கோயிலிலோ அந்தப் பெரிய வாசகப் புத்தகம் மேடையை விட்டு அசையாது. பாதியைப் பாடமாக்கி எப்படியோ காலத்தை ஓட்டினாள். ஆனால் திருவிழா வருகிறது. ஆயர் வந்து பூசை வைக்கப் போகிறார். அன்றைய வாசகமோ வாய்க்குள் நுழையாத ஊர்ப்பெயர்கள் நிறைந்த நீட்டு வாசகம். அதைப் பாடமாக்க அவளால் ஆகாது.

பங்கு மண்டபத்தில் இலவசமாகக் கண் சோதித்த நாளில் அவளும் போனாள், பெற்றிசியாவும் போனாள். டொக்டர் நல்ல உரத்த குரல்காரன். “அம்மா, உங்களுக்குப் பவர் ரெண்டேமுக்கால்!” என்று ஏலம் கூறுகிறவனைப் போலச் சொன்னான். மெற்றில்டாவுக்கு மானம் போயிற்று. மன்னார் ரவுணுக்குப் போய், கண்ணாடிக் கடையில் விலை கேட்டாள். கடைக்காரன் சொன்ன காசுக்கு ஒரு புது வலையே எடுக்கலாம்.

“பெற்றிசியாவைக் கேளன். அவள் மலிவா எடுத்தவளாம்” என்றார் தோமஸ்.

“அவளிட்டயோ? செத்தாலும் போகமாட்டன்!”

அடுத்த கிழமையே போனாள். திருவிழா அல்லவா.

“வாங்கோ மச்சாள், இருங்கோ” என்று பெற்றிசியா கதிரையை இழுத்துப் போட்டாள். கைத்தொலைபேசியில் கண்ணாடிகள் வரிசையாக ஓடின. மெற்றில்டா, பெற்றிசியாவினதைவிட வடிவான ஒன்றாகப் பார்த்து, பொன்னிற விளிம்பில் விரலை வைத்தாள். பிறகு பெற்றிசியா அடிமட்டத்தை எடுத்து அவளுடைய மூக்கின் மேல் வைத்து, ஒரு கண்மணியிலிருந்து மற்றக் கண்மணிக்கு எவ்வளவு தூரம் என்று அளந்தாள். “அசையாதேங்கோ மச்சாள். இது பிழைச்சால் தலையிடிக்கும்.” முகத்துக்கு முகம் அவ்வளவு கிட்ட இருந்தபோது பெற்றிசியாவின் கன்னத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை என்பதை மெற்றில்டா கவனித்தாள். அதற்கும் எரிந்தது.

“இனிப் பவரைச் சொல்லுங்கோ.”

“உன்ர எவ்வளவு?”

“எனக்கு ஒண்டரை.”

“எனக்கு ஒண்டேகால்” என்றாள் மெற்றில்டா.

அடி பாவி மனுசி! கண்ணின் பவர் என்ன பரீட்சைப் புள்ளியா, மற்றவளை முந்துவதற்கு? அவளுடைய கணக்கில் அது வயதைப் போல ஒன்று. குறையக் குறைய மதிப்பு. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப்பிழை ஆகவேண்டும் என்கிறவர்களுக்குத் தன் கண் எந்த மூலைக்கு!

“வடிவாத் தெரியுமோ மச்சாள்? டொக்டர் தந்த துண்டைக் கொண்டு வந்தனீங்களோ?”

“என்ர கண் எனக்குத் தெரியாதோ? அடி நீ!”

பெற்றிசியா கைத்தொலைபேசியில் ஒண்டேகால் என்றே அடித்தாள்.

திருவிழாவுக்கு முந்திய கிழமை மோட்டார் சைக்கிளில் பொதி வந்தது. கண்ணாடியைப் போட்டு முகம் பார்த்தாள். முகம் ராசாத்தி மாதிரி இருந்தது. செபப் புத்தகத்தைத் திறந்தாள். எழுத்துகள் அதே மங்கல்தான், என்ன, கொஞ்சம் கறுப்பாய்த் தெரிந்தன. “பழக வேணும்” என்று தோமஸுக்குச் சொன்னாள். கருவாடு புரட்டும்போதும் போட்டுக்கொண்டு திரிந்தாள். பழகவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் கோயிலில் ஒத்திகை. மெற்றில்டா மேடையில் ஏறி, பொன் விளிம்பை ஒற்றை விரலால் தள்ளிவிட்டு, தொடங்கினாள். பாடமிருந்த இரண்டு வரி தேரோட்டம் போலப் போயிற்று. மூன்றாம் வரியில் ஊர்ப்பெயர்கள் வந்தன. ஓர் ஊரை விழுங்கினாள், இன்னோர் ஊரைத் தானே உண்டாக்கினாள். பாடகர் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

பங்குத்தந்தை மெதுவாகச் சொன்னார்: “மெற்றில்டா, இந்த முறை நீங்கள் ஆறுதலா இருங்கோ. பெற்றிசியா வாசிக்கட்டும்.”

வேறு எவளின் பெயரையாவது சொல்லியிருக்கக்கூடாதா? வெளியே வந்ததும் மெற்றில்டா வெடித்தாள். “வேணுமெண்டு செய்தனியடி! பிழையான பவரை அடிச்சு என்னைச் சபையில நாறடிச்சுப்போட்டாய்!”

சனம் கூடிவிட்டது. பெற்றிசியா தலையைக் குனிந்துகொண்டு, “ஓம், என்ர பிழைதான். மச்சாளில ஒண்டும் இல்லை” என்றாள்.

“ஐயோ, பாவம் அந்தப் பிள்ளை” என்றாள் ஒருத்தி. “தங்கமான குணம்” என்றாள் இன்னொருத்தி. பார்த்தீர்களா? திட்டியவள் மெற்றில்டா, பேர் எடுத்தவள் பெற்றிசியா! ஒண்டேகால் என்று சொன்னது தான்தான் என்பது தொண்டையில் மீன்முள்ளாக நிற்க, அவள் விறுவிறுவென்று வீட்டுப் பக்கம் நடந்தாள்.

பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு பெற்றிசியா ஓடிவந்தாள். “மச்சாள், நில்லுங்கோ. ஒண்டு சொல்ல வேணும். அண்டைக்கு மண்டபத்தில நான் உங்களுக்குப் பின்னாலதான் நிண்டனான். ரெண்டேமுக்கால் எண்டு டொக்டர் சொன்னது எனக்குக் கேட்டது.”

மெற்றில்டா திரும்பினாள். “பிறகேனடி ஒண்டேகால் எண்டு அடிச்சனி?”

“நீங்கள் சொன்னதை அடிச்சனான். பிழையெண்டு தெரிஞ்சும் அடிச்சனான்.” பெற்றிசியா அழத் தொடங்கினாள். “கலியாணம் கட்டி இந்த ஊருக்கு வந்த நாளில இருந்து பார்க்கிறன். நீங்கள் வாசிக்கப் போகேக்க ஊரே நிமிர்ந்து பார்க்குது. எனக்கு அப்பிடியே பத்தியெரியும் மச்சாள். ஒருக்காலெண்டாலும் நான் அதில நிக்க வேணும் எண்டு ஆசையாக் கிடந்தது.”

கன்னத்தைப் பொத்தி ஒன்று போட்டிருக்கலாம். கை எழும்பவில்லை. மாதக்கணக்காய் எரிந்த வயிற்றில் யாரோ இளநீரை ஊற்றினாற்போல இருந்தது அவளுக்கு.

“என்னிலயோ?” என்றாள். “இந்தக் கருவாட்டுக்காரியிலயோ உனக்குப் பொறாமை?”

“ஓம் மச்சாள்.”

“பொய் சொல்லாத.”

“மாதா அறிய உண்மை.”

“சரியான பொறாமையோ?”

“நித்திரை வராது” என்றாள் பெற்றிசியா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மெற்றில்டா கண்ணாடியைக் கழற்றி அவளுடைய சைக்கிள் கூடைக்குள் போட்டாள். “திருவிழா முடியத் திருப்பி அனுப்பு. ரெண்டேமுக்கால் எண்டு அடி. நாளைக்கு நீ வாசி. ஊர்ப்பேர் வரேக்க மூச்சை விட்டிட்டு வாசி.”

மறுநாள் பெற்றிசியா வாசித்தாள். ஓர் ஊரையும் விழுங்கவில்லை. முன் வரிசை வாங்கில் இருந்த மெற்றில்டாவின் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி குனிந்து, “உம்மட மச்சாள் நல்லாத்தான் வாசிக்கிறாள், என்ன?” என்று ஊசி ஏற்றினாள்.

“வாசிப்பாள்தானே” என்றாள் மெற்றில்டா, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு. “என்னைப் பார்த்து வயிறெரிஞ்சு வளர்ந்த வாசிப்பல்லோ அது.”