பாலில் தோய்த்த ஆறு தோட்டாக்கள்

ஜப்பான்காரர்கள் வருகிறார்களென்று வெள்ளைக்காரத் துரை தெற்கே ஓடிய அன்று ஒரு கைத்துப்பாக்கியையும் தோட்டாக்கள் இருந்த ஓர் அட்டைப்பெட்டியையும் என் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். என் கணவர் சிடாம் கிரிப் பக்கத்துத் ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணி. பிறகு ஜப்பான்காரர்கள் அவரைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஏற்றிப் போனார்கள். துப்பாக்கியும் பெட்டியும் என்னிடம் தங்கின. ஆயுதம் வைத்திருந்தால் தலை போகும் என்று குருணில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதை நின்று முழுக்கப் படித்தேன். படித்தும் ஒப்படைக்கவில்லை. என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது.

அரிசி கிடைக்காமல் போய் எல்லோரும் காட்டோரத்தில் மரவள்ளி நட்டிருந்தோம். கிழங்கைத் தேடிப் பன்றிகள் வந்தன. பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் ஒருவரின் தொடையைப் பன்றி கிழித்தது. மருந்தில்லாமல் மூன்றாம் நாள் செத்துப்போனார். பன்றி வராத நாளில் ஜப்பான் சிப்பாய்களின் லாரி வரும். லாரிச் சத்தம் கேட்டால் மகளின் முகத்தில் கரியைப் பூசிக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் உட்கார வைப்பேன்.

துரை வேட்டைக்குப் போகும்போது துப்பாக்கி தூக்கிச் செல்லும் ரப்பர் பால்வெட்டுக்காரர் ஒருவர் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தார். அவரிடம் மட்டும் சொன்னேன். பெட்டியில் இரண்டு வகைத் தோட்டாக்கள் கலந்து கிடந்தன. சிலவற்றின் ஈயமுனை உருண்டை, சிலவற்றின் முனை தட்டை. பாதிக்கு மேல் பச்சை பூத்திருந்தன.

"தட்டை மூக்கு மனுஷன் உடம்புல நின்னுரும் கிராணியம்மா. பன்னிக்கு ஆகாது. அதுக்குத் தோள்ல பலகை மாதிரி தோலு. உருண்டைதான் உள்ள போவும்."

சிப்பாய் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"சிப்பாயைச் சுட்டீங்கன்னா மறுநாள் இந்த லயத்துல ஒரு தலை மிஞ்சாது. பன்னிக்கு மட்டும் பாருங்கலா."

சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. முச்சந்தியில் இருந்த காவல் சாவடிக்குச் சத்தம் கேட்கும். கண்ணால் பார்த்துத்தான் பொறுக்கினேன். பித்தளை மஞ்சளாக இருக்கிறதா, ஈயம் ஆடாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உருண்டை முனையில் ஐந்து தேறின. ஆறாவதாகத் தட்டை முனையில் ஒன்றை எடுத்து வைத்தேன்.

"அது யாருக்கு?" என்றார்.

நான் வாசல் பக்கம் திரும்பினேன். வெளியே என் மகள் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அடைமழை தொடங்கும் சமயம். மண்ணில் புதைத்தால் ஈரம் ஏறும். அவர்தான் ரப்பர் பாலில் முக்கி எடுக்கலாம் என்றார். நல்ல யோசனையாகப் பட்டது. பால் கட்டிவிடாமல் இருக்க, தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் மிஞ்சிக் கிடந்த அமோனியாவை நானே கூடுதலாக ஊற்றினேன். மூன்று தடவை முக்கி, மூன்று தடவை உலர்த்தினேன். "தோட்டாவுக்குச் சட்டை தச்சுப் போட்டுட்டீங்க" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். தேறாதவற்றை ஆற்றில் போட்டுவிட்டு, இந்த ஆறையும் பிஸ்கட் டின்னில் அடைத்துக் கோழிக்கூண்டின் அடியில் துப்பாக்கியோடு புதைத்தேன்.

கிழங்கு முற்றியபோது எங்கள் வரிசையில் பன்றி இறங்கியது. டின்னைத் தோண்டி எடுத்து ரப்பரை உரித்தேன். பித்தளையில் மெல்லிய கருங்கோடுகள் இருந்தன. ஒட்டிக்கொண்ட ரப்பர் நூல் என்று நினைத்தேன். நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. விட்டுவிட்டேன். ஆறையும் துப்பாக்கியில் போட்டு, தட்டை முனை எந்த அறையில் இருக்கிறது என்பதை மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வெயில் ஏறிய நேரம். மகள் கிழங்கு பிடுங்கக் குனிந்திருந்தாள். இருபதடி தள்ளிச் செடிகள் அசைந்தன. பன்றி நேராக அவளைப் பார்த்து வந்தது. நான் துப்பாக்கியை இரு கையாலும் பிடித்து விசையை இழுத்தேன். 'டக்' என்றது. மறுபடி இழுத்தேன். 'டக்'. மூன்றாவது ஈரப் பட்டாசு போலச் சீறி நின்றது. அதற்குள் அவள் கீழே கிடந்தாள். பால்வெட்டுக்காரர் பாராங் கத்தியோடு ஓடிவந்து பன்றியின் கழுத்தில் வெட்டினார். அவர் ஆறேழு முறை வெட்டிய பிறகுதான் அது அவளை விட்டது.

முழங்காலுக்கு மேலே எலும்பு தெரிந்தது. மஞ்சளும் பழைய வேட்டித் துணியும் வைத்துக் கட்டினோம். நாற்பது நாள் காய்ச்சலில் கிடந்தாள். பிழைத்தாள். கால் வளைந்தே சேர்ந்தது.

காய்ச்சல் இறங்கிய அன்று அவர் துப்பாக்கியைத் திறந்து ஆறையும் உள்ளங்கையில் கொட்டினார். ஒவ்வொன்றின் பித்தளையும் நீளவாட்டில் விரிசல் விட்டு, உள்ளே வெடிமருந்தில் ஈரம் ஏறியிருந்தது. முகர்ந்து பார்த்தார். அமோனியா நாற்றம் இன்னும் இருந்தது. அமோனியா பட்டால் பித்தளை விரிசல் விடும், அதனால்தான் ஸ்டோரில் அமோனியா பீப்பாய்க்குப் பித்தளைக் குழாய் மாட்டுவதில்லை என்று என் கணவருக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. கேட்க அவர் இல்லை. சயாமிலிருந்து திரும்பவும் இல்லை.

பால்வெட்டுக்காரர் தட்டை முனையைத் தனியாக எடுத்து என் முன்னால் நீட்டினார். அதில்தான் விரிசல் எல்லாவற்றையும்விட நீளம்.

"சுட்டிருந்தா இதுவும் வெடிச்சிருக்காது கிராணியம்மா" என்றார்.

அன்றுதான் அழுதேன். எதற்காக என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பச்சை பூத்ததென்று ஆற்றில் போட்டவற்றில் ஒன்று வெடித்திருக்கலாம். அவள் கால் நேராக இருந்திருக்கும். ஆனால் லாரிச் சிப்பாய்கள் ஒரு நாள் வீட்டுக்குள் நுழைந்து, நான் அந்த ஆறாவதை நம்பி அவள் பக்கம் திருப்பியிருந்தால், அதே தப்புதான் அவளைக் காப்பாற்றியிருக்கும்.

இப்போது அவள் பக்கத்து அறையில் நடக்கிறாள். ஒரு கால் பலகையில் தட்டுகிறது, மற்றது இழுபடுகிறது. துப்பாக்கி ஏன் வெடிக்கவில்லை என்று பல தடவை கேட்டிருக்கிறாள், சொல்லியிருக்கிறேன். ஆறில் ஒன்று மட்டும் ஏன் வேறு மாதிரி இருந்தது என்று அவள் கேட்டதில்லை.