குனியக் கற்றுக்கொடுத்தவள்

முரோய் சாயோ முப்பத்தொரு வருடங்களில் மூன்று தலைவர்களுக்குக் குனியக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அவளுடைய வேலைப் பட்டியலில் இது எங்கும் எழுதப்பட்டதில்லை. கேஸ் கீசர்களுக்குப் பாதுகாப்பு வால்வு செய்யும் கம்பெனியில் அவளுக்குப் பொது நிர்வாகப் பிரிவு. நாற்காலி வாங்குவது, மாலை அனுப்புவது, தீயணைப்பு ஒத்திகை நடத்துவது என்று யாருக்கும் சொந்தமில்லாத வேலைகளெல்லாம் அந்தப் பிரிவுக்குத்தான் வந்து சேரும். தலைவர்களைச் செய்தியாளர் கூட்டத்தில் குனிந்து மன்னிப்புக் கேட்க வைப்பதும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

இடுப்பிலிருந்து நாற்பத்தைந்து பாகை. முதுகு வளையக்கூடாது. கண்கள் மேஜை விளிம்பில். ஐந்து பேர் என்றால் ஐந்து தலையும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏற வேண்டும். ஐந்து விநாடி. மூன்றிலேயே நிமிர்ந்தால் மனசில்லாமல் குனிந்தான் என்று மறுநாள் பேப்பரில் வரும், எட்டைத் தாண்டினால் நடிக்கிறான் என்று வரும். தப்பு செய்தது யார் என்று கேட்க நேரமில்லாத ஆட்கள்கூட, தலை எத்தனை விநாடி கீழே இருந்தது என்று எண்ண மட்டும் நேரம் வைத்திருப்பார்கள்.

சாயோவுக்கு அந்த ஐந்து விநாடி பிடிக்கும். சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் அமைதி கிடைத்தால் போதும், மனசு எங்காவது கிளம்பிப் போய்விடும். பள்ளியில் அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறாள். கூட்டத்தில் எல்லாத் தலைகளும் இறங்கி, காமிராக்களின் வெளிச்சம் வெள்ளையாகக் கொட்டும்போது, அவள் சுவரோரம் நின்றபடியே துறைமுகத்துக்குப் போய்விடுவாள். அங்கே கடலின்மேல் பனி விழுந்து, விழுந்த இடம் தெரியாமல் கரைந்துகொண்டிருக்கும். சரியாக ஐந்தாவது விநாடியில் திரும்பி வந்துவிடுவாள். அது எப்படி என்று அவளுக்கே தெரியாது.

அவள் கணவன் எய்சகு இதையெல்லாம் ஒரு தொழிலாகவே மதிக்கவில்லை. ஸ்டேஷனுக்கு எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறான். கடையில் ரேடியோ எப்போதும் நாடாளுமன்ற ஒலிபரப்பில்தான் நிற்கும். வெளியே போகாமல் சண்டை போட அதைவிட நல்ல வழி இல்லை என்பான். தினமும் ஷேவ் செய்துகொள்ளும் சாக்கில் வந்து உட்காருகிறவர் நகதானி, மீன் சந்தையில் ஏலம் கூவி ஓய்வு பெற்றவர்.

"கேளு, கேளு. 'மிகவும் வருந்தத்தக்கது'ங்கிறாரு அமைச்சர்," என்பான் எய்சகு, கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "யாரு வருந்தணும்னு சொல்லல பாத்தியா. அதென்ன, மழையா? தானா வந்து தானா போறதுக்கு?"

"செயலாளர்தான் எல்லாம் பண்ணாராம்," என்பார் நகதானி நுரைக்குள்ளிருந்து. "நாட்டுலயே ரொம்ப அதிகாரம் உள்ள ஆளு செயலாளர்தான்போல."

"போன தேர்தல்ல நீ அவருக்குத்தான ஓட்டுப் போட்ட?"

"அவங்க தாத்தா எங்க சந்தைக்குக் கூரை போட்டுக் குடுத்தாருப்பா."

"அந்தக் கூரை ஒழுக ஆரம்பிச்சு இருபது வருசம் ஆச்சு. நீ இன்னும் நன்றிக்கடன்ல நனைஞ்சுட்டு இருக்க. வாயை மூடு, மீசைகிட்ட வர்றேன்."

சாயோ தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவாள். ரேடியோவில் எத்தனை தலைவர்கள் திட்டு வாங்கினாலும், அவர்களில் யாரோ ஒருவருக்கும் இவளைப்போல ஒருத்தி பின்னால் நின்று விநாடி எண்ணிக்கொண்டிருப்பாள் என்று தோன்றும். அப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

அந்த வருடம் பிப்ரவரியில் வடக்கே ஒரு வீட்டில் வயதான தம்பதி குளியலறைப் புகையில் மயங்கி விழுந்தார்கள். மூன்று நாள் கழித்துத்தான் கண்விழித்தார்கள். கீசரைப் பிரித்துப் பார்த்தால் வால்வு மூடவே இல்லை. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனதில், கம்பெனியில் பதினொரு வருடமாக யாரும் வால்வைச் சூடாக்கிச் சோதித்துப் பார்க்கவே இல்லை என்று தெரிந்தது. பழைய எண்களையே திருப்பித் திருப்பி எழுதியிருந்தார்கள்.

உடனே விசாரணைக் குழு வந்தது. வெளி ஆட்கள் என்று சொன்னார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்தது சாயோதான், அதனால் அவர்கள் யாருடன் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஒன்பது நாளில் அறிக்கை முடிந்தது. 'ஓர் ஊழியரின் தனிப்பட்ட முடிவு' என்றது அறிக்கை. அந்த ஊழியர் குவாபரா, தர ஆய்வாளர்.

குவாபராவும் சாயோவும் ஒரே ஏப்ரலில் கம்பெனியில் சேர்ந்தவர்கள். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் இங்கே ஒரு பந்தம் உண்டு. அண்ணன் தங்கை என்றும் சொல்ல முடியாது, நண்பர்கள் என்றும் சொல்ல முடியாது. வருடத்துக்கு ஒருமுறைதான் பேசிக்கொள்வார்கள், ஆனால் ஒருவர் இருமினால் மற்றவர் காதில் விழும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குவாபரா கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்க்காமல் சொன்னார். "எய்சகு சான், மொட்டை போட்டுடுங்க."

எய்சகு துண்டை உதறி அவர் கழுத்தில் கட்டினான். "எதுக்கு?"

"வேலையை விட்டு அனுப்புறாங்க. போலீஸ்லயும் புகார் குடுப்பாங்களாம். நாளன்னைக்குப் பேப்பர்காரங்களைக் கூப்பிட்டிருக்காங்க. அதுக்கு முன்னாடி மொட்டை போட்டா மனசார மன்னிப்புக் கேட்ட மாதிரி இருக்கும்."

"மேல இருக்கிறவங்களுக்கும் தலை இருக்குல்ல? அதை அனுப்பச் சொல்லு. எல்லாத்தையும் வழிச்சு விடறேன், காசு வேணாம்."

"முத்திரை குத்துனது என் கைதான."

"குத்தச் சொன்னது?"

குவாபரா, வாசலில் தேநீர்த் தட்டுடன் நின்ற சாயோவைக் கண்ணாடியில் பார்த்தார். "ஒரு ஆளு போனா முந்நூறு பேரு வேலை தப்பிக்கும் சாயோ சான். கணக்கு சரியாத்தான் இருக்கு. யாருக்கும் தொந்தரவு இல்லை."

"இந்தக் கடையில மொட்டை கிடையாது," என்றான் எய்சகு. "காதோரம் கொஞ்சம் எடுத்து விடறேன். தலையை நேரா வை."

மறுநாள் காலை, செய்தியாளர்களுக்குக் கொடுக்க வேண்டிய தாள்கள் சாயோவின் மேஜைக்கு வந்தன. நாற்பது பிரதி எடுக்க வேண்டும். கடைசித் தாள் சோதனைப் படிவத்தின் நகல். அதன் அடியில் ஒரே ஒரு கட்டம், அதற்குள் கையெழுத்துக்குப் பதிலாகச் சிவப்பாகக் குவாபராவின் பெயர் முத்திரை. தனி மனிதர் தனியாகச் செய்தார் என்பதற்குச் சாட்சி அதுதான்.

பிரதி எடுக்கும் இயந்திரம் சூடாகும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முத்திரை நேராக இல்லை, இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது.

வெளியே பனி பெய்துகொண்டிருந்தது, ஜன்னல் முழுக்க வெள்ளை. சாயோவின் மனசு கிளம்பிவிட்டது. இருபத்தாறு வயதுச் சாயோவும் இருபத்தாறு வயதுக் குவாபராவும் ஒரே மேஜையில் உட்கார்ந்து முத்திரை குத்தப் பழகுகிறார்கள். மேற்பார்வையாளர் பின்னால் நின்று சொல்லிக்கொடுக்கிறார். "மேலதிகாரிங்க கட்டம் எப்பவும் இடப்பக்கம்தான் இருக்கும். அதனால உங்க முத்திரையை அவங்க பக்கம் கொஞ்சம் சாய்ச்சுக் குத்துங்க. பேரே குனியற மாதிரி இருக்கணும். தனியா நீங்களே குத்தற தாள்ல மட்டும் நேரா குத்துங்க. அங்க குனியறதுக்கு யாரும் இல்லையே." குவாபரா அதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு முப்பத்தொரு வருடமும் அப்படியே குத்தினார். கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலும் அவர் கைக்கு அது தப்பாது.

இயந்திரம் தயார் என்று பச்சை விளக்கு எரிந்தது. அவள் திரும்பி வந்தாள். இடப்பக்கம் மூன்று கட்டம் இருந்திருக்கிறது. பிரிவுத் தலைவர், நிர்வாக இயக்குநர், ஆலைத் தலைவர். யாரோ வெட்டியிருக்கிறார்கள். கட்டங்களை வெட்டியவருக்குக் குனிந்து நிற்கும் பெயரை நிமிர்த்தத் தோன்றவில்லை. மேலே போனவர்கள் குனிந்து முத்திரை குத்துவதையே மறந்திருப்பார்களே, அவர்களுக்கு எப்படிக் கண்ணில் படும் என்று நினைத்தாள். கோபம் வந்தது. கோபம் தனக்கு இவ்வளவு மெதுவாக வரும் என்று அவளுக்குத் தெரியாது.

தாளை எடுத்துக்கொண்டு நிர்வாக இயக்குநர் ஹிசமட்சுவிடம் போனாள்.

"இந்தப் படிவத்துல இடப்பக்கம் இன்னும் மூணு கட்டம் இருக்குமே, சார்."

ஹிசமட்சு நிமிராமலே சொன்னார். "இருந்துச்சா? மூலப் படிவம் வக்கீல்கிட்ட இருக்கு."

"நானே ஃபைல்ல போட்டிருக்கேன்."

"முரோய் சான்." இப்போது நிமிர்ந்தார், புன்னகையோடு. "உங்களுக்கு ஓய்வுக்கு மூணு வருசம் இருக்குதுல்ல? தலைவருக்கு இடுப்பு வலி. நாளைக்கு அவரு ஒழுங்கா குனியறாரான்னு மட்டும் பாத்துக்கங்க."

அவள் போய் நாற்பது பிரதி எடுத்தாள்.

மறுநாள் இரண்டு மணிக்கு வர்த்தக மன்றக் கூடத்தில் நாற்பது நாற்காலிகளும் நிரம்பின. மேடையில் தலைவர் மினகாவா நடுவில், பக்கத்துக்கு இரண்டு பேர், அதில் ஹிசமட்சுவும் ஒருவர். மினகாவா தலைவராகி இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்குமுன் ஒன்பது வருடம் ஆலைத் தலைவராக இருந்தவர். மோசமான ஆள் இல்லை. காவலாளியின் மகன் பரீட்சை எழுதியதைக்கூட நினைவு வைத்து விசாரிக்கிற மனிதர். அதுதான் சாயோவுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஐந்து தலைகளும் இறங்கின. வெளிச்சம் கொட்டியது. சாயோ துறைமுகத்துக்குப் போனாள், பனியையே காணோம். கடல் மட்டும் இருந்தது, கறுப்பாக, அசையாமல். அதன் ஓரத்தில் யாரோ ஒருவர் தனியாகக் குனிந்து நின்றார். நிமிரச் சொல்ல அங்கே யாரும் இல்லை. அவள் திரும்பி வந்தபோது ஐந்து பேரும் எப்போதோ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். முப்பத்தொரு வருடத்தில் முதன்முறையாக அவள் விநாடியைத் தவறவிட்டிருந்தாள்.

தலைவர் அறிக்கையை வாசித்தார். பிறகு கேள்விகள். ஒருவருக்கு ஒரு கேள்வி, முதலில் எந்த நிறுவனம், என்ன பெயர் என்று சொல்ல வேண்டும். கை தூக்குகிறவரிடம் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது சாயோவின் வேலை. முதல் வரிசை நிருபர் கேட்டார். "பதினொரு வருசம் ஒரே ஒரு ஆளு மட்டும் இதைச் செஞ்சிருக்க முடியுமா?"

"அப்படித்தான் எங்களுக்குத் தெரிய வந்திருக்கு," என்றார் மினகாவா. "மிகவும் வருந்தத்தக்கது."

மைக் சாயோவின் கைக்குத் திரும்பி வந்தது. மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அவள் அந்தப் பக்கம் இரண்டடி வைத்தாள். பிறகு நின்றாள். மைக்கைத் தன் வாயருகே கொண்டுபோனாள்.

"பொது நிர்வாகப் பிரிவு, முரோய்," என்றாள், முறைப்படி. "ஒரு கேள்வி. கடைசித் தாளைப் பாருங்க. ஆய்வாளரோட முத்திரை இடப்பக்கம் சாய்ஞ்சிருக்கு. நாம எல்லாரும் மேல உள்ளவங்களுக்கு அப்படித்தான் குத்துவோம். இந்தத் தாள்ல பக்கத்துல யாருமே இல்லை. குவாபரா சான் யாருக்குக் குனிஞ்சிருக்காரு?"

நாற்பது தாள்கள் ஒரே நேரத்தில் புரளும் சத்தம் கேட்டது. பின்வரிசையில் ஒருவர், வயதானவர், "அட" என்றார் மெல்ல. அந்த அறையில் வாழ்க்கையில் ஒருமுறையாவது சாய்த்துக் குத்தாதவர் யாரும் இல்லை.

ஹிசமட்சு மேஜை மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "விசாரணையில இருக்கிற விஷயம், இதுக்குப் பதில் சொல்றதை..."

மினகாவா அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். தாளை இரண்டு கையாலும் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவர் முன்னால் இருந்த பதில் பட்டியலில் முப்பத்திரண்டு பதில்கள் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. அதில் ஒன்றையும் அவர் தேடவில்லை.

"எனக்கு," என்றார்.

அதன்பிறகு நாற்பது கைகள் உயர்ந்தன. சாயோ ஒவ்வொருவரிடமாக மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தாள், அது அவள் வேலை. ஏப்ரலில் அவளைக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, செய்ய வேலை ஒன்றும் கிடையாது. வேலையைவிட்டு நீக்கியிருந்தால் பேப்பரில் வந்திருக்கும், கிடங்குக்கு மாற்றினால் யார் எழுதப்போகிறார்கள்? பரவாயில்லை, அங்கே நாள் முழுக்க அமைதி, அவள் மனசு போன இடமெல்லாம் போய் வரலாம்.

கூட்டம் நடந்த அன்று சாயங்காலமே எய்சகுவின் கடைத் தொலைபேசி ஒலித்தது. சாயோ எடுத்தாள். குவாபரா.

"ஏன் சாயோ சான் இப்படிப் பண்ணீங்க?" அவர் குரலில் அப்படி ஒரு கோபத்தை அவள் கேட்டதே இல்லை. "எல்லாம் முடிஞ்சுபோயிருந்துச்சு. நான் தயாரா இருந்தேன். எல்லாருக்கும் எவ்வளவு தொந்தரவு, தெரியுமா? உங்களுக்கு, தலைவருக்கு..."

"தெரியும். மன்னிச்சுக்கங்க," என்றாள் சாயோ. அவளுக்கு அழுகை வந்தது. தான் செய்தது தவறோ என்று அப்போதுதான் முதன்முதலாகப் பயந்தாள்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, யாரோ பக்கத்தில் தூங்குவதுபோல மெதுவாகப் பேசினார்.

"என் மனைவி பத்து நாளா எதுவும் சாப்பிடலை. டிவி பாத்துட்டு எந்திரிச்சுப் போயி சோறு வச்சா. இப்ப ரெண்டாவது கிண்ணம் சாப்பிட்டுட்டு இருக்கா."