பலாலியில் ஏறும்வரை

நாளை காலை கொழும்பு ஆஸ்பத்திரியில் அண்ணைக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை. அதற்கு முன் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று இன்றைய விமானத்துக்குச் சீட்டு எடுத்திருந்தேன்.

"பலாலியில ஏறினா ஒரு மணித்தியாலத்தில கொழும்பு இரத்மலானை, அக்கா" என்றார் சீட்டுத் தந்தவர்.

விடிய ஐந்து மணிக்கே நெடுந்தீவு இறங்குதுறையில் நின்றேன்.

"காத்துக் கடுமை. இப்ப எடுக்க ஏலாது" என்றார் வள்ளக்காரர்.

"எனக்குப் பன்னிரண்டுக்குப் பிளேன், அண்ணை."

"கடலுக்கு அது தெரியாதே, பிள்ளை."

ஏழரை வரை குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ஒருவழியாக வள்ளம் புறப்பட்டது. அலை அடித்துச் சேலை முழுக்க நனைந்தது. குறிகட்டுவானில் கரையிறங்கிப் பஸ், யாழ்ப்பாணத்தில் கார். பலாலி விமான நிலையத்தில் கதவு சாத்தும் நேரத்தில் ஓடி ஏறினேன்.

பின்னேரம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அண்ணை என் சேலையைத் தொட்டுப் பார்த்தார். "உப்புப் பிடிச்சுக் கிடக்கு. நீந்தியோ வந்தனி?" சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

வெளியே வந்து தாதியிடம், நாளைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டேன்.

"ஒரு ரெண்டு மணித்தியாலம்."

ஒரு மணித்தியாலம் என்ற பயணமே எனக்கு ஒரு பகலை எடுத்துவிட்டது. தீவார் யாராவது சொல்லுங்கள், அதை நான் எவ்வளவென்று எடுத்துக்கொள்வது?