சங்கு அண்ணியின் ஏலம்

என் அண்ணிக்குச் சந்தையில் சங்கு என்று பெயர். ஆலைச் சங்கைச் சொல்கிறேன். தக்காளி மண்டியில் காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் ஏறி நின்று அவள் ஏலம் கூவினால், பக்கத்து மண்டிக்காரன் தன் ஏலத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பான். வேறு என்ன செய்வான்? அவன் கத்துவது அவன் காதுக்கே கேட்காதே! நான் அதே மண்டியில் தராசு பிடிப்பவள். அவள் வாய் போன வேகத்துக்கு என் கை என்றைக்கும் ஓடியதில்லை.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. உலகத்தில் எத்தனையோ வெட்டித் தொண்டைகள் இருக்க, உழைத்துச் சாப்பிட்ட தொண்டையைத் தேடிப் போய் வந்தது பாருங்கள். குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாகத்தான். உயிர் பிழைத்ததே போதும் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அண்ணி மட்டும் தலையை ஆட்டி மறுத்தாள்.

மண்டி முதலாளி வீட்டுக்கு வந்து பார்த்தார். "ஏலம்ங்கறது வாய் வேலைம்மா. கையைக் காட்டி நடத்த முடியாது. தக்காளி வரத்து தொடங்கற வரைக்கும் உன் பெட்டி மேல யாரையும் ஏத்த மாட்டேன். அதுக்கப்புறம் என்னைக் குறை சொல்லாதே" என்றார். நல்ல மனிதர்தான். ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு டாக்டரம்மா இருந்தார். தலையைப் பாதியாக அறுத்த மாதிரி ஒரு படத்தைச் சுவரில் மாட்டி விளக்கினார். "நுரையீரல் காத்தை அனுப்புது. குரல்வளை அதைச் சத்தமாக்குது. ஆனா சத்தம் வெறும் மாவு மாதிரிதான். அதை உருட்டி, தட்டி, பேச்சாக்கறது நாக்கு, உதடு, பல்லு, அண்ணம். உங்களுக்குப் போனது நடுவுல இருந்த ஒரு ஆள். மத்தவங்க எல்லாரும் வேலைக்குத் தயாரா நிக்கறாங்க."

போன ஆளுக்குப் பதில் யார்? உணவுக்குழாய். காற்றை வாயிலிருந்து அதற்குள் அழுத்தி இறக்கி, உடனே ஏப்பமாக மேலே விட வேண்டும். குழாயின் மேல்வாய் அதிரும். அதுதான் இனிமேல் குரல்.

ஏப்பம் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் அண்ணன் சாப்பிட்டு விடும் ஏப்பம் தெருமுனை வரை கேட்கும். "மனுஷங்களோட உக்காந்து சாப்பிடற லட்சணமா இது?" என்று கல்யாணமான நாளிலிருந்து அவனைத் திட்டியவள் அண்ணி. இப்போது அவன் அவள் எதிரில் வாத்தியாராக உட்கார்ந்தான். "வயித்துலேர்ந்து இல்ல, நெஞ்சுலேர்ந்து விடணும். இங்க பாரு!" கிடைத்த மரியாதையைக் கொஞ்சமும் வீணாக்கவில்லை, மகராசன்.

முதலில் 'அம்மா' சொல்லிப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நாள் கணக்கில் வரவில்லை. ஒரு நாள் டம்ளரைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் கோபப்பட்டுப் பார்த்திருக்கிறேன், சோர்ந்து பார்த்ததில்லை.

மறுமுறை டாக்டரம்மா வழியை மாற்றினார். "ப, த, க-ல ஆரம்பிப்போம். இதுக்கெல்லாம் வாயை ஒரு இடத்துல அடைச்சுத் திறக்கறோம். ப-வுக்கு உதடு, த-வுக்கு நாக்கு நுனி, க-வுக்கு நாக்கோட பின்பக்கம். அடைக்கறப்போ நசுங்கற காத்து தானா உள்ளே இறங்கிடும். அது திரும்பி வர்றப்போ பேசிடணும்."

அண்ணி நாக்கு நுனியைப் பல்லில் அழுத்தி வைத்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"தக்காளி."

கட்டிலை இழுக்கிற மாதிரி கரகரவென்று இருந்தது. இருக்கட்டுமே! "அண்ணி!" என்று நான் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடிவந்தாள். கத்தரிக்காய் வந்தது, பாகற்காய் வந்தது. முருங்கைக்காயும் வெங்காயமும் முரண்டு பிடித்தன. போகட்டும், தக்காளி மண்டியில் அவற்றுக்கு என்ன வேலை?

ஒரே ஒரு சிக்கல். 'ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்.' மூன்றாவதைச் சொன்னால்தான் சரக்கு கைமாறும், அதுதான் சந்தைச் சட்டம். முன்னால் சொன்ன வார்த்தையில் சேர்ந்த காற்றை வைத்து முதல் இரண்டையும் ஓட்டிவிடுவாள். 'மூ'வுக்குக் காற்று தீர்ந்துவிடும். ம-வுக்கு உதட்டை மூடினாலும் மூக்கு வழி திறந்தே இருப்பதால் காற்று நசுங்காது. அழுத்திச் சொன்னால் 'பூணு' என்று வரும். அண்ணன் சிரித்தான், முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டான்.

வரத்து தொடங்கிவிட்டது. விடிந்ததும் அண்ணி கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு பெட்டிமேல் ஏறினாள்.

"பத்து பெட்டி. தக்காளி. கேளு!"

பின்வரிசையில் எவனோ சிரித்தான். ஆனால் அந்தச் சின்னக் குரலில் சொல்லும் விலை கத்துகிறவன் காதில் விழாது, விழாவிட்டால் சரக்கு அடுத்தவனுக்குப் போய்விடும். ஆகவே ஒவ்வொருவனாக வாயை மூடினான். அந்த மண்டி அப்படி அடங்கி நான் பார்த்ததே இல்லை.

விலை ஏறி ஓட்டல்காரரிடம் நின்றது. "ஒருதரம்," என்றாள் அண்ணி. "ரெண்டுதரம்." அப்புறம் உதடு மூடியது. திறந்தது. ஒன்றும் வரவில்லை. மறுபடி முயன்றாள்.

அதிக விலை சொல்லிவிட்டோமே என்று முழித்துக்கொண்டிருந்த ஓட்டல்காரர் பிடித்துக்கொண்டார். "மூணு சொல்லலியே! அப்போ நான் வாங்கினதா ஆகாது. என் விலையைத் திரும்ப எடுத்துக்கறேன்."

முதலாளி, பாவம், அண்ணியை இறக்கிவிடக் கையை நீட்டினார். முடிந்தது கதை என்றே நினைத்தேன்.

அண்ணி அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. லோடுமேன் பக்கம் திரும்பினாள்.

"கட்டு!"

பட்டாசு வெடித்த மாதிரி விழுந்தது. க-வும் ட-வும் வாயை அடைத்துத் திறக்கிற, அவளுடைய எழுத்துகள் அல்லவா! அந்த முகத்துக்குப் பயந்தே பழகிய லோடுமேன், யோசிக்காமல் கயிற்றை வீசிப் பெட்டிகளைக் கட்டி முடிச்சுப் போட்டுவிட்டான்.

"இது என்னங்க நியாயம்?" என்றார் ஓட்டல்காரர்.

முதலாளி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அண்ணியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். "முடிச்சு விழுந்தாச்சுல்ல? கட்டினது கட்டினதுதான். எடுத்துட்டுப் போங்க. ஏம்மா, அடுத்த சரக்கைக் கூவு, வெயில் ஏறுது!"

ஒருதரம், ரெண்டுதரம், கட்டு! அன்றைக்குக் கொண்டுவந்த சரக்கு முழுவதும் அப்படியே போனது. என் அண்ணி ஜெயித்துவிட்டாள். நான் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வெட்கம் என்ன வெட்கம்?

மறுநாள் நாங்கள் மண்டிக்குள் நுழையும்போதே பக்கத்து மண்டியில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. கணீரென்ற தொண்டை அவனுக்கு, மூணு சொல்ல எந்தத் தடையும் இல்லை. "ஒருதரம்! ரெண்டுதரம்! கட்டு!" என்றான்.

அண்ணி நின்று கேட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"காப்பி அடிக்கறான் பாரு."