முக்கியத்துவம் இல்லாத எங்கள் தோட்டம்

ஓப்பநாயக்கவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயம், அந்த வரிசை வீடுகள் முழுதும், மண்சரிவில் புதைந்தபோது, என் அக்காவும் அதோடு போனாள். சில வருடங்கள் கழித்து, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற இணையக் கலைக்களஞ்சியத்தில், எங்கள் தோட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். அப்போது இரத்தினபுரியில் ஓர் இன்டர்நெட் கடையில் எனக்கு வேலை.

மறுநாளே அதை நீக்கலாமா என்று விவாதம் தொடங்கிவிட்டது. 'முக்கியத்துவம் இல்லாத இடம்', 'பத்திரிகை ஆதாரம் இல்லை' என்று புனைபெயர்களில் வந்து தீர்ப்புச் சொன்னார்கள். தேயிலைச் செடியைக் கண்ணால் கண்டிராத மேதாவிகள்! அதே தளத்தில் ஒரு கார்ட்டூன் நாய்க்கு நீளமான கட்டுரை இருந்தது. நாய் முக்கியமாம்.

ஒருவர் மட்டும், 'மண்சரிவு நடந்த அன்று நான் அங்கே மண் தோண்டியவன். இதை நீக்காதீர்கள்' என்று எழுதினார். 'சொந்த நினைவு ஆதாரமாகாது' என்று ஒரு மேதாவி அவர் வாயை அடைத்தார். அந்த வாரமே கட்டுரையைத் தூக்கிவிட்டார்கள்.

நன்றி சொல்லி அவருக்கு எழுதினேன்; நான் வேலை செய்யும் கடையையும் குறிப்பிட்டேன். கடைக்கே வந்து நின்றார். பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் திருத்தும் சுனில், சிங்களவர். அது யுத்த காலம்; சிங்கள முகத்தைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு பழகியவள் நான்.

"எங்களுக்காக ஏன் பேசுனீங்க?" என்று கேட்டேன்.

"நங்கி," என்று தங்கையை அழைப்பதுபோல் சிங்களத்தில் தொடங்கினார். "இந்தக் கையாலதான் ஆளுங்கள வெளிய எடுத்தேன். அப்பிடி ஒரு எடமே வேணாம்னு சொன்னா சும்மா இருக்க ஏலுமா?"

அவர்களில் அக்கா இருந்தாளா என்று நான் கேட்கவில்லை. அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அந்த மேதாவிகளுக்காக அதன்பின் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை.