சிவப்பிரகாசத்தின் சராசரி

அம்மையார்குப்பம் சிவப்பிரகாசத்தைப் பற்றித் திருத்தணியில் விசாரித்தால், "சுமாரா பந்து போடுவானே, அவனா?" என்பார்கள். அந்தச் சுமார் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்தது ஒரு வகுத்தல் கணக்கினால்.

யுத்தம் முடியப் போகிற சமயத்தில் நம் சுற்றுவட்டாரத்து ஊர்கள் சேர்ந்து கிரிக்கெட் கோப்பை ஒன்று ஆரம்பித்தன. மலையடிவாரத்தில் தண்ணீர் வற்றிய ஏரிதான் மைதானம். நாற்பத்தாறில், சென்னை மில் ஒன்று தன் டீமுக்குப் பந்து போடுகிறவன் வேண்டுமென்றது. வந்தவனுக்கு மில்லில் நிரந்தர வேலை. ஆனால் ஆளைப் பார்க்க யாரும் வரவில்லை, கணக்கைத்தான் கேட்டார்கள். ஒரு விக்கெட் எடுக்க அவன் எத்தனை ரன் கொடுத்தான், கோப்பையில் பந்து போட்ட எல்லாருடைய சராசரியையும்விட அது குறைவா? கூடுதல் என்றால் வீட்டிலேயே இருக்கலாம்.

சிவப்பிரகாசத்துக்கு வீடு என்று ஒன்று இல்லை என்பதுதான் சங்கடம். நூல் கிடைக்காத காலத்தில் அவன் அப்பா தறியை விற்றுவிட்டுக் கண்ணை மூடினார். அவன் வயல் கூலிக்குப் போய்க்கொண்டு, அக்கா ரஞ்சிதம் வீட்டில் சாப்பிட்டான். அக்காவின் மாமியார் சோறு போடும்போது கரண்டி பேசும் பேச்சு தெருமுனைவரை கேட்கும்.

கோயில் ஆபீஸ் அனந்தநாராயணன்தான் கோப்பைக்குக் கணக்கு. எல்லாருக்கும் பொதுவில் விக்கெட்டுக்குப் பன்னிரண்டு ரன். சிவப்பிரகாசத்துக்குப் பதினைந்து. அவன் மோசமாகப் போட்டான் என்று நினைக்காதீர்கள். அவன் பந்து குதிக்கிற குதியில் மட்டைக்காரன் அதை ஆகாசத்துக்குத்தான் அனுப்புவான். கீழே பிடிக்க நிற்கிற அவன் ஊர்க்காரர்கள் நெசவாளிகள். விரல் வீங்கினால் அறுந்த இழைக்கு முடிச்சுப் போட முடியாது; முடிச்சு விழாவிட்டால் அடுப்பு எரியாது. அதனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாமி புறப்பாட்டுக்கு ஒதுங்குகிற மாதிரி பந்துக்கு வழி விடுவார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு விழுந்த விக்கெட்டில் பாதி கேட்ச். இவனுக்கு அத்தனையும் ஸ்டம்பைப் பெயர்த்து எடுத்தது.

இதை அவன் அனந்தநாராயணனிடம் போய்ச் சொல்லிப் பார்த்தான். அவர் மூக்குப்பொடியை உதறிவிட்டு, "பிடிக்காத பந்துக்கு என் கணக்குல கட்டம் கிடையாதுப்பா" என்றார். பாவம், அவர் சொன்னதும் நிஜம்தான்.

கடைசி ஆட்டம் நகரியோடு. குறைந்த ரன்னில் ஐந்து பேரை எடுத்தால் பன்னிரண்டுக்குக் கீழே போய்விடுவான். நான்கு ஸ்டம்ப் பறந்தது. ஐந்தாமவன் தூக்கி அடித்த பந்து நேராக அக்கா புருஷன் பரசுராமன் தலைக்கு மேல் ஏறியது.

பரசுராமன் கட்டியிருந்த கையைப் பிரித்தார். மூன்று வருஷத்தில் அம்மையார்குப்பத்து ஆள் ஒருவன் கை நீட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தோம். தறியில் பாதி நெய்த கல்யாணப் புடவை கிடந்தது, வீட்டில் இரண்டு குழந்தைகள். பந்து இறங்குகிறது. அப்போது சிவப்பிரகாசம் கத்தினான்.

"பாவா, வேணாம். உட்டுடு."

பரசுராமன் கை மடங்கிவிட்டது. பந்து காலடியில் விழுந்து புழுதி கிளப்பியது. நகரிக்காரர்கள் சிரித்துக்கொண்டே ஓடி ரன் எடுத்தார்கள். அதற்கப்புறம் அவனுக்கு விக்கெட்டே விழவில்லை. சராசரிக்கு அரை ரன் மேலே நின்றுவிட்டான். மில் வேலை நகரிக்காரன் ஒருவனுக்குப் போயிற்று. நல்ல பையன்தான், அவன் ஊரில் எல்லாருக்கும் மண்வெட்டி பிடித்த கை.

விஷயம் ரஞ்சிதத்துக்குப் போனது வேறு மாதிரி: உன் புருஷன் கைக்கு வந்ததை வேண்டுமென்றே விட்டுவிட்டான் என்று. அவள் பரசுராமனோடு பேசுவதை நிறுத்தினாள். அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லாமல் புடவையை நெய்து முடித்தார். சிவப்பிரகாசம்தான் தாங்காமல் அக்காவிடம் போய், உடச் சொன்னதே நான்தான் என்றான்.

"அந்த ஆளுக்குப் பரிஞ்சிகினு வராத. எந்த மடையன்டா தன் சோத்துல தானே மண்ணு போட்டுக்குவான்?"

அவன் சத்தியம் பண்ணினான். அவள் நம்பவில்லை. அதிலிருந்து அந்த வீட்டில் அவன் சாப்பிடவில்லை. பொதட்டூர்பேட்டைப் பக்கம் கூலிக்குப் போனவன், அடுத்த வருஷம் கோப்பை நடந்தபோதும் வரவில்லை. அவனுக்குப் பதில் யாரோ ஒருவன் பந்து போட்டான். பரசுராமன் பழையபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.